இஸ்திரி போட்ட நோட்டு

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிறீங்களாக்கா? தாள் படபடன்னு அடிச்சுக்குது. என் நோட்டா இருந்தா பரவாயில்ல, இது இன்னொருத்தி நோட்டு. கையெழுத்தைப் பாருங்க, கோழி கிளறின மாதிரி. இதையெல்லாம் நான் படிக்கவேண்டியதா ஆயிடுச்சேன்னு நெனச்சாலே எனக்கு வெறுத்துப் போகுது.

கடலூர் வரைக்குமா? நானும் அங்கதான். மத்தியானம் ரெண்டு மணிக்குப் பரீட்சை. அரியர் இல்லக்கா. மறுபரீட்சை. ரெண்டும் வேற வேற. அரியர்னா படிக்காதவ எழுதறது. இது எங்க கிளாஸ் மொத்தத்துக்கும் வச்சது. முப்பத்தெட்டு பேருல முப்பத்தேழு பேரு இன்னிக்கு எழுதறோம். அந்த மிச்சம் ஒருத்தி இருக்காளே, அவளோட நோட்டுதான் இது. அதைச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். முதல்லேருந்தே சொல்றேன், கடலூர் போறதுக்கு இன்னும் நேரமிருக்கு.

என் பேரு யோகேஸ்வரி. கடலூர்ல லேடீஸ் காலேஜ்ல ஊட்டச்சத்து படிக்கிறேன், மூணாவது வருசம். எந்த நோயாளிக்கு என்ன சாப்பாடு குடுக்கணும்ங்கிற படிப்பு. நாலு செமஸ்டர்லயும் நான்தான் ஃபர்ஸ்ட். பெருமைக்குச் சொல்லலை, நீங்க யாரை வேணும்னாலும் கேளுங்க. கடலூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி, வருசா வருசம் எங்க டிபார்ட்மெண்ட்லேருந்து ரெண்டு பேரை வேலைக்கு எடுப்பாங்க. வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு, நோயாளிக்கு இன்னின்ன சாப்பாடுன்னு சீட்டு எழுதிக் குடுக்கணும். ஒரு இடம் எனக்குத்தான்னு முதல் வருசத்துலேயே எல்லாருக்கும் தெரியும். எங்கம்மா வெள்ளைக் கோட்டுத் துணிக்குத் தையக்காரர்கிட்ட விசாரிச்சே வச்சிருந்தாங்க.

கார்த்திகை கடைசில அடிச்சுதே புயல், உங்க பக்கம் சேதம் உண்டா? எங்க பக்கம் முந்திரி பூராவும் சாஞ்சு போச்சு. கடலூரைக் கேக்கவே வேணாம். முந்தின நாளே ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நாலு நாள்ல வந்துடுவோம்னு நோட்டைக் கட்டிலுக்கு அடியில பெட்டியில வச்சுட்டு ஊருக்கு வந்துட்டேன். திரும்பிப் போக இருபத்திமூணு நாள் ஆச்சு. பரீட்சை தை மாசத்துக்குத் தள்ளிப் போச்சு.

போய்ப் பார்த்தா, சே, அதை எப்படிச் சொல்றது. உள்ள நுழையும்போதே ஒரு நாத்தம். மெத்தை பூராவும் பூஞ்சை. பாத்ரூம்ல தேரை. பக்கெட்டைக் கவுத்தா பூரான். கரண்டு கிடையாது. கிளாஸ்ரூமுக்குப் போனா, அங்க குப்பத்து ஜனங்க தங்கியிருந்துட்டுப் போயிருக்காங்க. நான் உக்கார்ற முதல் பெஞ்சுல யாரோ கொழம்பு கொட்டியிருக்காங்க. பினாயில் ஊத்தி மூணு தரம் தொடச்சேன். அப்பவும் அந்த மீன் வாடை போகலை. எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கலைக்கா.

இது போதாதுன்னு எங்க பொண்ணுங்க. படிப்புங்கிற ஒண்ணு இருக்குறதையே மறந்துட்டு வந்து நின்னாங்க. ஒருத்தி நாள் பூரா பேன் பாக்குறா. ஒருத்தி புத்தகத்தைத் தொறந்து வச்சுக்கிட்டு சுவத்தையே பாக்குறா, கேட்டா வீட்டு ஓடு பறந்தது ஞாபகம் வருதாம். எங்க வீட்டுலயும்தான் தென்னை விழுந்துது, நான் சுவத்தையா பார்த்தேன்? எங்க ஹெச்.ஓ.டி. கோமளவல்லி மேடம் பார்த்தாங்க, புதுச்சேரிலேருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. பேரிடருக்குப் பிறகு படிப்பில் கவனத்தை மீட்பது எப்படின்னு அவர் பேசினாரு. கண்ணை மூடச் சொன்னாரு, மூச்சை இழுக்கச் சொன்னாரு. அந்த நாத்தத்துல மூச்சை இழுத்தா என்ன ஆகும்? ரெண்டு பேரு வாந்தி எடுத்தாங்க.

அப்புறம் இருபத்தஞ்சு நிமிசம் படிக்கணுமாம், அஞ்சு நிமிசம் ஓய்வு எடுக்கணுமாம். வாட்ச்மேன் ஒரு தட்டை வச்சுக்கிட்டு அடிப்பாரு. பொண்ணுங்க அந்த அஞ்சு நிமிசத்துக்காகவே உக்காந்திருப்பாங்க. ஓய்வு முடிஞ்சு தட்டு அடிச்சா, இப்ப படிக்கணுமா ஓய்வு எடுக்கணுமான்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவாங்க. ரெண்டு நாள்ல வாட்ச்மேனே கணக்கு மறந்துட்டாரு. அருவருப்பா இருக்கும் பாக்கறதுக்கு.

கடைசில மேடம் என்னைக் கூப்பிட்டாங்க. பாடம் நடத்தி முடிக்க நாள் இல்ல யோகேஸ்வரி, உன் நோட்டு ஒண்ணுதான் முழுசா இருக்கும், அதை எல்லாருக்கும் செராக்ஸ் எடுக்கக் குடுன்னாங்க. எங்க காலேஜ்ல அது வழக்கம்தான். ஃபர்ஸ்ட் வர்றவ நோட்டு, காலேஜ் கேட்டுக்கு எதிர்த்தாப்புல இருக்குற செராக்ஸ் கடைக்குப் போயிடும், எல்லாரும் அதை வாங்கி மனப்பாடம் பண்ணுவாங்க. அஞ்சாவது செமஸ்டரா என் நோட்டுதான் ஓடுது. கடைக்காரரு என்னைப் பார்த்தா ஸ்டூல் போடுவாரு.

ஆனா நோட்டு நனைஞ்சு போச்சே. அங்கதான் இவ வர்றா. அஞ்சலாட்சி. என் ரூம்மேட். இந்தக் காலத்துல யாராவது பொண்ணுக்கு அப்படிப் பேரு வைப்பாங்களா? குப்பத்துப் பொண்ணு. அப்பாவுக்குச் சக்கரை, ஒரு கால் விரலை எடுத்துட்டாங்க. அம்மா கருவாடு விக்கிறாங்க. புயல்ல வீடு போயி, அவ குடும்பமே எங்க காலேஜ்ல, எங்க கிளாஸ்ரூம்லயே தங்கியிருந்துச்சு. நாங்கள்லாம் ஊர்ல இருந்த இருபத்திமூணு நாளும் இவ அங்கதான். சின்னப் பிள்ளைங்களுக்கெல்லாம் வயித்துப்போக்கு வந்துச்சாம், இவ வாளியில சக்கரையும் உப்பும் கலக்கி டம்ளர் டம்ளரா ஊத்திக்கிட்டு இருந்தாளாம். படிக்கிற பொண்ணு செய்யற வேலையா அது? நடுவுல எங்க ரூமுக்குப் போயி, தண்ணியில கிடந்த என் பெட்டியைத் தூக்கி, நோட்டை எடுத்து, வராண்டா கொடியில ஒவ்வொரு தாளா கிளிப்பு போட்டு மாட்டியிருக்கா.

என் நோட்டு புத்தகம் மாதிரி இருக்காதுக்கா. தனித்தனித் தாளு, நாடா கோத்துக் கட்டுவேன். நூத்தி எண்பது தாளு. வந்து பார்த்தா அத்தனையும் கொடியில ஆடுது, பக்கத்துல அவ துணி வேற காயுது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? என்னைக் கேக்காம என் பெட்டியைத் தொறந்தது யாருன்னு சத்தம் போட்டேன். சடசடன்னு எல்லாத்தையும் உருவி எடுத்தேன். அவ பின்னாடியே வந்து, வரிசையாத்தான் மாட்டியிருக்கேன் யோகா, மெதுவா எடுன்னா. வரிசையை அவ எனக்குச் சொல்றா.

தாளு அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்துச்சு. கரண்டு இல்ல. காலேஜ் முனையில கலியபெருமாள்னு ஒருத்தர் இஸ்திரி வண்டி வச்சிருக்காரு, கரிப்பெட்டி. அவருகிட்ட கொண்டு போயி நூத்தி எண்பது தாளையும் இஸ்திரி போடச் சொன்னேன். சிரிக்காதீங்கக்கா. சூப்பரா போட்டுக் குடுத்தாரு, மொடமொடன்னு. சட்டை மடிக்கிற மாதிரி கட்டு கட்டா அடுக்கிக் குடுத்தாரு. மூலையில நான் போட்டிருந்த நம்பர் மட்டும் சிவப்பு மசில இருந்துச்சா, தண்ணியில கரைஞ்சு போயிருந்துச்சு. பரவாயில்லன்னு ஒரே மூச்சா உக்காந்து நானே அடுக்கி, புதுசா நம்பர் போட்டேன். ஒரு மணி நேரத்துல முடிச்சேன். என் நோட்டு எனக்குத் தெரியாதா?

செராக்ஸ் போச்சு. எல்லாரும் மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சாங்க. அப்பத்தான் ஹாஸ்டல்ல படிப்புச் சத்தமே கேட்டுச்சு. முப்பத்தேழு பேரும் ஒரே மாதிரி, தேனீக் கூடு மாதிரி. மேடம் வந்து பார்த்துட்டு, வந்தாரே அந்தப் புதுச்சேரிக்காரரு, அவரால முடியாததை நீ பண்ணிட்டேம்மான்னாங்க. உண்மைதானே?

அஞ்சலாட்சி மட்டும் மனப்பாடம் பண்ண வரலை. அறுபத்திரெண்டாம் பக்கத்தைக் கையில வச்சுக்கிட்டு என் கட்டிலுக்கு வந்தா.

"யோகா, இதுல சக்கரை நோயாளிக்கு மணிக்கு ஒருதரம் சக்கரைத் தண்ணி குடுன்னு வருது. தாள் மாறியிருக்கும்போல, ஒருதரம் பாரேன்."

எனக்கு எப்படி எரிஞ்சுச்சு தெரியுமா? எட்டு நாள்தான் இருக்கு. நான் எண்பதாம் பக்கத்துல இருக்கேன். திரும்பி அறுபத்திரெண்டுக்குப் போனா மனப்பாடம் பண்ணின ஓட்டம் அறுந்து போயிடும். உனக்கு நோட்டு குடுத்ததே பெருசு, இஷ்டமிருந்தா படி, இல்லாட்டி போன்னு சொல்லிட்டேன். அந்தத் தாளை எடுத்துக்கிட்டு அவ மத்த பொண்ணுங்ககிட்டயும் போய்ச் சொல்லியிருக்கா. அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? யோகேஸ்வரி நோட்டுல தப்பு இருக்காதுன்னாங்க. பொண்ணுங்களுக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை. பொறாமையில சொல்றான்னுதான் அப்ப எல்லாரும் நெனச்சோம். இப்பவும் எனக்கு அந்தச் சந்தேகம் உண்டு.

பரீட்சையில வந்துச்சு. பத்து மார்க்கு. நீரிழிவு நோயாளிக்கான உணவு முறையை விவரி. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, அவ்வளவு சந்தோசம். பேனாவை வச்சேன், எடுக்கலை. ரெண்டே முக்கால் பக்கம், வார்த்தை மாறாம.

வடலூரா இது? இறங்குறவங்க இறங்கட்டும், நீங்க நகர வேணாம்.

ஒரு மாசம் கழிச்சு ரிசல்ட்டு வந்துச்சு. எங்க காலேஜ் ரிசல்ட்டை மட்டும் நிறுத்தி வச்சுட்டாங்க. முப்பத்தேழு பேப்பருலயும் ஒரே பதிலு, கமா கூட மாறலையாம். கூட்டா காப்பியடிச்சிருக்கோம்னு யூனிவர்சிட்டிலேருந்து மூணு பேரு விசாரணைக்கு வந்துட்டாங்க. என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லிட்டாங்கக்கா. நான் யாரையாவது பார்த்து எழுதுவேனா? என்னைப் பார்த்து ஊரே எழுதுது.

எல்லாரும் அழுதாங்க. நான் அழலை. நேரா போயி, ஒரு தாள் குடுங்க, இங்கேயே உங்க முன்னாடி எழுதறேன், புத்தகம் வேணாம், நோட்டு வேணாம்னு சொன்னேன். குடுத்தாங்க. உக்காந்து எழுதினேன். ரெண்டே முக்கால் பக்கம். முடிச்சுக் கையில குடுத்தா, பரீட்சைப் பேப்பரை ஒரு பக்கம், இதை ஒரு பக்கம் வச்சுப் பாக்குறாங்க. ஒரு எழுத்து மாறலை. புள்ளி வச்ச இடத்துல புள்ளி. மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அசந்து போயிட்டாங்கன்னுதான் நெனச்சேன். அதுல ஒரு அம்மா இருந்தாங்க, வயசானவங்க, கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுக் கேட்டாங்க.

"ஏம்மா, சக்கரை நோயாளிக்கு ஒரு லிட்டர் தண்ணியில ஆறு ஸ்பூன் சக்கரையைப் போட்டு மணிக்கு ஒருதரம் குடுத்தா அவன் என்னம்மா ஆவான்?"

"நோட்டுல அப்படித்தான் மேடம் இருக்கு"ன்னேன்.

இருந்துச்சுக்கா. நான் இல்லாததைச் சொல்லலையே. அப்புறம்தான் எங்க கோமளவல்லி மேடம் நோட்டை வாங்கிப் புரட்டினாங்க. சக்கரை நோய்க்கு முதல் தாளு சரியா இருக்கு, ரெண்டாவது தாளு வயித்துப்போக்குக் குழந்தையோடது. அந்தக் குழந்தைக்குப் பாத்தீங்கன்னா பாகற்காயும் கீரையும் வெந்தயமும் போயிருக்கு. நான் எல்லா நோய்க்கும் ரெண்டாவது தாளை "இந்நோயாளிக்கு அளிக்க வேண்டியவை"ன்னுதான் ஆரம்பிப்பேன், ஒரே சீரா இருக்கணும்னு. கலியபெருமாள் அடுக்கும்போது மாத்திட்டாரு. படிக்காத ஆளு, அவரைச் சொல்லி என்ன பண்றது.

விசாரணைல என்ன எழுதினாங்க தெரியுமா? காப்பியடிக்கலை, அது நிரூபணம் ஆயிடுச்சு. என்னாலதான் நிரூபணம் ஆச்சு, நான் எழுதிக் காட்டலைன்னா முப்பத்தேழு பேருக்கும் மூணு வருசம் தடை. ஒருத்தி நன்றி சொல்லலை. ஒருத்தி கூட. அத்தனை பேரும் என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க. வார்டன் கூட சாப்பாட்டு வரிசையில, என்ன யோகேஸ்வரி, சக்கரைத் தண்ணி கலக்கட்டுமான்னு கேக்குறாங்க. நாலு செமஸ்டரா என் நோட்டைத் தின்னு வளர்ந்தவங்க. இந்த மாதிரி ஜனங்களோட ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோமேன்னு குமட்டுது.

முப்பத்தேழு பேரும் எழுதின பேப்பரை ரத்து பண்ணி, இன்னிக்கு மறுபரீட்சைன்னு போட்டுட்டாங்க. அஞ்சலாட்சிக்கு மட்டும் வேணாம். அவ எழுபத்தி ஒண்ணு மார்க்கு. என்ன எழுதியிருக்காங்கிறீங்க? அவங்கப்பாவுக்கு வீட்டுல என்ன ஆக்கிப் போடுறாங்களோ அதை எழுதியிருக்கா. வாழைப்பூ, சுரைக்காய், கேழ்வரகு, சின்ன மீனு கொழம்பு வச்சு. மீனு பேரு வேற எழுதியிருக்கா, நெத்திலி, காரப்பொடின்னு. அதுக்கு மார்க்கு போட்டிருக்காங்க. ஆஸ்பத்திரி இடம் ஒண்ணு அவளுக்குப் போயிடுச்சு. கோட்டு கூடத் தச்சாச்சாம்.

இன்னொரு இடம் இருக்கு. மேடம் அதை யாருக்கும் சொல்லாம வச்சிருக்காங்க. இந்தப் பேப்பர்ல நல்ல மார்க்கு வந்தா அது உனக்குத்தான் யோகேஸ்வரி, இல்லாட்டி என்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு தெளிவா சொல்லிட்டாங்க. எங்கம்மாவுக்கு நான் இன்னும் எதையும் சொல்லலை. அவங்க கோட்டுத் துணியை வாங்கி பீரோவுல வச்சிருக்காங்க. அதான்க்கா இன்னிக்கு. இன்னிக்கு விட்டா போச்சு.

என் நோட்டைத் தொடவே பிடிக்கலை. எது எந்தத் தாளுன்னு இப்ப யாருக்குத் தெரியும். அதைப் பிரிச்சு உக்காந்து, இது இந்த நோய்க்குச் சரியா, அது அந்த நோய்க்குச் சரியான்னு யோசிச்சுக்கிட்டிருந்தா என்னிக்குப் படிச்சு முடிக்கிறது? போன வாரம் இவளே வந்தா. கேக்காமலே இந்த நோட்டை என் கட்டில்ல வச்சா. "படிச்சுப் பார்த்துட்டு உன் வார்த்தையில எழுது யோகா, உனக்கு வராததா"ன்னா. என் வார்த்தையாம். என் வார்த்தையை வச்சுத்தான் மூணு வருசம் இந்தக் காலேஜே பாஸ் பண்ணுச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும்க்கா. எனக்கு அருவருப்பு இருந்தாலும் வேலைன்னு வந்தா நான் வேலைதான். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன். நோட்டுல மீன் வாடை அடிக்குது, நெசமாத்தான், மோந்து பாருங்க. சமையல்கட்டுல வச்சு எழுதியிருப்பா, மஞ்சக் கறை வேற. முகாம்ல அந்த ஜனங்களுக்கு நடுவுல உக்காந்தே பாதி எழுதினாளாம். ஏழே நாள். அட்டைலேருந்து அட்டை வரைக்கும் முடிச்சுட்டேன். அவ தப்பா அடிச்சு எழுதின இடம் உட்பட எனக்கு அத்துப்படி. இந்தத் தடவை தாள் மாறவே முடியாது, தைச்ச நோட்டு, நானே எண்ணிப் பார்த்துட்டேன். எழுதின அவளுக்குக் கூட இவ்வளவு தெரியாது.

குறிஞ்சிப்பாடி தாண்டிட்டோமா? கடலூர் முதுநகர் வர்றதுக்குள்ள ஒருதரம் ஒப்பிச்சுடறேன். நீங்க இதைப் பிடிச்சுக்குங்க. இருபத்தேழாம் பக்கம். கண்ணாடி போட்டாத் தெரியுதா? சரி. ஒரு வார்த்தை விட்டாலும் சொல்லிடணும், பாவம் பாக்கக் கூடாது. என் மூஞ்சியைப் பாக்காதீங்க, எழுத்தை மட்டும் பாருங்க.

"நீரிழிவு நோயாளி மூன்று வேளை அதிகமாக உண்பதைவிட, அளவைக் குறைத்து ஐந்து வேளையாகப் பிரித்து உண்பது நல்லது. அரிசியைக் குறைத்துக் கேழ்வரகு, கம்பு சேர்க்கலாம். சர்க்கரை, வெல்லம், தேன் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பாதங்களைத் தினமும் கவனிக்க வேண்டும். சிறு புண்ணையும் அலட்சியம் செய்யக்கூடாது. அப்பாவுக்குப் புதன்கிழமை கட்டு மாற்ற வேண்டும், நான் வகுப்புக்குப் போய்விடுவேன், சித்தியைத் துணைக்கு அனுப்ப வேண்டும். காய்கறிகளில் சுரைக்காய், புடலங்காய், வாழைப்பூ ஆகியவை சிறந்தவை..."

என்னக்கா, ஏன் அப்படிப் பாக்குறீங்க? விட்டுட்டேனா?